எங்களுது இல்லை

எங்கள் வீட்டுக்கு வரும் பார்சல்களில் பாதிக்கு மேல் எங்களுடையவை அல்ல. மலைக்கு மேலே இருக்கும் என் கணவரின் சொந்தக்காரர்களுடையவை.

அவருடைய ஊர் கரியாலூரைத் தாண்டி, தார்ச்சாலை முடிந்த பிறகும் கொஞ்ச தூரம் நடந்து போக வேண்டிய ஊர். அந்த ஊரின் பின்கோடைப் போட்டால் ஷாப்பிங் செயலிகள் பலவற்றில் 'இந்த இடத்துக்கு டெலிவரி இல்லை' என்று சிவப்பு எழுத்தில் வந்து நிற்கும். அதனால் புடவையோ, மிக்ஸி ஜாரோ, பள்ளிக்கூடப் பையோ, அங்கே யார் எதை வாங்கினாலும் கள்ளக்குறிச்சியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் முகவரியைப் போட்டுவிடுவார்கள். மேலே சிக்னல் வரும், போகும். ஆகவே போன் நம்பரும் என்னுடையதுதான்.

என் கணவர் மலையில் விடுதிப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். வாரம் முழுவதும் அங்கேயே தங்கிவிட்டு சனிக்கிழமை இறங்கி வருவார். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்பும்போது, அந்த வாரம் வந்த பார்சல்களை ஒரு அரிசி மூட்டைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவார். மேலேயிருந்து அதே பையில் சாமை, தேன், பருவத்தில் பலாப்பழம் எல்லாம் எங்களுக்கு வந்து சேரும். பார்சலை வாங்கி வைப்பது ஒரு வேலை என்றே நான் நினைக்கவில்லை. கல்யாணமான புதிதில் எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. ஒரு குடும்பமே என் வாசலை நம்பி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

வழக்கமாக வரும் டெலிவரிக்காரர் நடுத்தர வயதுக்காரர். எலவனாசூர்கோட்டைப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருப்பதாகச் சொல்வார். வண்டியில் உட்கார்ந்தபடியே "உங்களுதாக்கா?" என்று பெட்டியைத் தூக்கிக் காட்டுவார். நான் பெயரைப் பார்ப்பேன். "ஆமாங்க, எங்களுதுதான்." என் போனுக்கு வந்த எண்ணைப் படிப்பேன். அவர் அதைத் தன் போனில் தட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஒரே ஒரு முறைதான் மாற்றிச் சொன்னேன்.

அந்தச் சமயம் வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. நீங்கள் ஆர்டர் செய்யாத பார்சலை வாங்காதீர்கள் என்று. நான் பிறர் சொன்னதைக் கேட்டு நடக்கிறவள், பள்ளியிலிருந்தே அப்படித்தான். அடுத்த நாளே ஒரு பார்சல் வந்தது. ஸ்டிக்கரில் இருந்த பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு முறை படித்துவிட்டு, "எங்களுது இல்லீங்க" என்றேன். அவரும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அது என் நாத்தனாரின் பெயர். சான்றிதழில் மட்டும் இருக்கிற பெயர். வீட்டில், ஊரில், கல்யாணப் பத்திரிகையில்கூட அவளுக்கு வேறு பெயர்தான். வங்கிக் கணக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே போட வேண்டும் என்று நினைத்து, செயலியில் சான்றிதழ்ப் பெயரைக் கொடுத்திருக்கிறாள். பெட்டிக்குள் இருந்தது அவளுடைய வளைகாப்புக்கு அவளே ஆசையாகத் தேர்ந்தெடுத்த புடவை. திரும்பிப் போன அந்தப் புடவை, மறுபடி ஆர்டர் போடப் பார்த்தபோது தீர்ந்துபோயிருந்தது.

மாமியார் போன் செய்தார்.

"இன்னாம்மா, எங்களுது இல்லன்னு சொல்லி அனுப்பிட்டியாமே?"

"பேரு தெரியல அத்தை. புதுப் பேரா இருந்துச்சு."

"பேரு தெரியலன்னா எங்கள தெரியலன்னுதானம்மா அர்த்தம்? சரி, வுடு. புள்ள அழுதுக்கினு இருக்குது, நான் போயி பாக்கறேன்."

வளைகாப்பு அன்று மலையேறிப் போனேன். பந்தலுக்குள் நுழையும்போதே மாமியாரின் தங்கை சத்தமாகச் சொன்னார்: "இதோ வந்துட்டாங்கப்பா, நம்ம 'எங்களுது இல்ல'! வாம்மா, வா. வளையல் உன்னுதுதானான்னு பாத்து எடுத்துக்கோ!" எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்தாள். என் மேல் அவளுக்கு உண்மையில் கோபம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். நானும் சிரித்தேன். அதன் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தப் பட்டப்பெயர் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

அன்றோடு, வரும் பார்சல் எதுவானாலும் எங்களுடையதுதான் என்று வைத்துக்கொண்டேன்.

பெட்டிகளை மடித்துப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவது வழக்கம். ஒருநாள் என் மகள் ஒரு பெரிய பெட்டிக்குள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஒன்றரை வயது இருக்கும். அவள் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்த ஸ்டிக்கரைத் தற்செயலாகப் படித்தேன். முகவரிக்குக் கீழே, ஆங்கில எழுத்தில் தமிழாக, இப்படி இருந்தது: பச்சை கேட். கரியாலூர் சார் வீடு என்று கேட்கவும். சார் சனிக்கிழமைதான் வருவார். அண்ணி பகலில் எப்போதும் வீட்டில் இருப்பார், போன் பண்ணினால் எடுப்பார்.

என் கொழுந்தனார் எழுதியது. மலையில் பாதிப் பேருக்கு ஆர்டர் போட்டுக் கொடுப்பது அவர்தான். ஆகவே பாதிப் பெட்டிகளில் இது அச்சாகியிருக்க வேண்டும். எத்தனை பெட்டிகள் ஏற்கெனவே பழைய பேப்பரோடு போயின என்று யோசித்தேன். எந்தக் கடைக்காரர் எதில் தக்காளி வைத்திருக்கிறாரோ. நான் வீட்டில் தனியாக இருப்பது அந்தப் பெட்டிகளில் எழுதி ஒட்டப்பட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

அவருக்குப் போன் செய்தேன். "தம்பி, அந்தக் கீழ இருக்கற வரியை எடுத்துடுங்களேன்."

"ஏன் அண்ணி? டெலிவரிக்காரன் அலையக் கூடாதுன்னுதான் போட்டேன். உங்களுக்கும் ஈஸிதான?"

நல்ல மனிதர். என் பிரசவத்தின்போது மழையில் மலையிலிருந்து பைக்கில் இறங்கி வந்தவர். "இல்ல தம்பி, சும்மா கேட்டேன்" என்று வைத்துவிட்டேன். நான்தான் தேவையில்லாமல் பயப்படுகிறேனோ என்று அன்று முழுவதும் யோசித்தேன். அந்த வரி அப்படியே இருந்தது. நான் செய்ததெல்லாம், பெட்டிகளைப் போடுவதற்கு முன் ஸ்டிக்கரைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்ததுதான்.

சில வாரம் கழித்து அந்தப் போன் வந்தது. மத்தியானம். மகள் இடுப்பில் இருந்தாள், சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கரியாலூர் சார் வூடுங்களா?"

"ஆமாங்க."

"பச்ச கேட்டு. வூட்லதான இருக்கீங்க? உங்க பார்சல் ஒண்ணு ஆபீஸ்ல நின்னுக்கினு இருக்குது. அட்ரஸ் சரியில்லன்னு நிறுத்தி வெச்சிருக்காங்க. இப்ப ஒரு நம்பர் வரும், சொன்னீங்கன்னா எடுத்துக்கினு வந்துடுவேன்."

"யாரு பேர்ல இருக்குது?"

"பேரு கிழிஞ்சி போச்சுக்கா. மலை ஊருக்காரங்களுதுதான். உங்களுதா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க. இல்லன்னா ரிட்டர்ன் போட்டுடறேன்."

ரிட்டர்ன் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு அந்தப் பந்தல்தான் கண்முன் வந்தது. "எங்களுதுதாங்க, எங்களுதுதான்" என்றேன். போன் சிணுங்கியது. எப்போதும் வரும் அதே ஷாப்பிங் செயலியின் செய்தி. எண்ணை மட்டும் பார்த்துப் படிக்க என் கண் பழகியிருந்தது. சோற்றுக் கையோடு அந்த எண்ணைச் சொன்னேன். அதற்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில், இது உங்கள் கணக்கைத் திறப்பதற்கான எண், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று இருந்ததை, கையைக் கழுவிவிட்டு வந்த பிறகுதான் படித்தேன். எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை.

உடனே அந்தச் செயலியில் என் கணக்கைத் திறந்து பார்த்தேன். உள்ளே விடவில்லை, பாஸ்வேர்ட் தவறு என்றது. சனிக்கிழமை அவர் வந்ததும் பார்க்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். பார்சலுக்கான எண்ணாகவும் இருக்கலாம், செய்தியில் ஏதாவது மாறி வந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பார்சல் வரும் என்று சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அதே குரல்.

"பாப்பாவுக்கு எல் சைஸ் பத்துதாக்கா? போன தடவ எம் தான வாங்கனீங்க?"

டயப்பரைத்தான் சொன்னான். அன்பாக, அக்கம்பக்கத்தில் இருப்பவன் விசாரிப்பதுபோல. "யாருங்க நீங்க?"

"நேத்து பேசினேனேக்கா. இன்னொரு நம்பர் வரும், அதயும் சொல்லிடுங்க, முடிச்சுடலாம்."

போனைக் கட் செய்தேன். மறுபடி அடித்தது. அணைத்தேன். அதற்குப் பிறகு, மலையிலிருந்து யாராவது கூப்பிடுவார்களே என்று திரும்ப ஆன் செய்தேன்.

அந்தக் கணக்கில் என்ன என்ன இருந்தது என்று யோசித்தபடி அடுப்படியில் நின்றேன். வீட்டு முகவரி. என் அம்மா வீட்டு முகவரி. மகள் பிறந்ததிலிருந்து வாங்கியவை அத்தனையும், அவள் வளர்ந்த வரிசையில். கூடவே, பிரசவத்துக்குப் பிறகு எனக்கு வந்த ஒரு தொந்தரவுக்காகக் கணவரிடம்கூடச் சொல்லாமல் வாங்கிய ஒரு பொருள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக்கடைக்காரருக்கு என் மாமனாரைத் தெரியும். அவர் முன்னால் போய்க் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் அதை ஆன்லைனில் வாங்கினேன். ஊரில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்று நினைத்தது, முகம் தெரியாத ஒருவன் கையில் இருந்தது.

வாசல் கிரில்லுக்குப் பூட்டுப் போட்டேன். ஜன்னலை மூடினேன். மாடியில் துணி காயப்போடப் போகவில்லை. வெளியே பைக் நிற்கும் சத்தம் கேட்டால் மகளின் வாயைப் பொத்தாத குறையாக அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். ஆனால் பார்சல் வருவது நிற்குமா? டெலிவரிக்காரர் வழக்கம்போல வந்தார்.

"இன்னாக்கா, கம்பிக்குள்ள நின்னுக்கினு பேசற? நான் இன்னா புலியா?"

"பாப்பா தூங்குது, அதான்."

பாப்பா என் காலைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியைக் கம்பிக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் குரல் இவருடையது இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் அவர் தெருமுனை திரும்பும் வரை பூட்டைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ஒரு பொருளைத் தவிர.

"பணம் போச்சா?"

"இல்ல."

"அப்பாடா." உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகுதான் கோபம் வந்தது. "படிச்சவதான நீ? ஓடிபி சொல்லாத, ஓடிபி சொல்லாதன்னு டிவியில, பஸ்ஸுல, எங்க பாத்தாலும் போட்டுக்கினு இருக்கான்."

"பார்சலுக்கும் ஓடிபிதான கேக்கறாங்க? உங்க ஊரு பார்சலுக்கு வாரம் பூரா சொல்லிக்கினுதான இருக்கேன்?"

அவர் போனை வாங்கி, போலி உதவி எண் கிடைத்துவிடக் கூடாது என்று கூகுளில் தேடாமல், அந்தச் செயலிக்குள்ளேயே இருந்த உதவிப் பக்கத்தில் முறையிட்டு, சாயங்காலத்துக்குள் கணக்கை மீட்டுவிட்டார். கணக்கு திறந்திருந்த மற்ற எல்லாப் போன்களிலிருந்தும் வெளியேற்றினார், சேமித்து வைத்திருந்த கார்டை நீக்கினார், மகளின் பெயரை வைத்திருந்த பாஸ்வேர்டை மாற்றினார். அவர் விரல் பழைய ஆர்டர்களின் பக்கத்தில் கீழே கீழே போய்க்கொண்டிருந்தபோது நான் டீ போடுகிறேன் என்று எழுந்து போனேன். பார்த்தாரா என்று தெரியாது. கேட்கவும் இல்லை.

நம்பரை மாற்றிவிடலாமா என்றேன். வங்கி, கேஸ், ஆதார், மகளின் தடுப்பூசிக் குறிப்பு எல்லாம் அந்த நம்பரில் இருந்தன. "எல்லாத்தையும் மாத்திடலாம்" என்றார். "மலையில எல்லாருக்கும் புது நம்பர் குடுக்கணும், அவ்ளோதான்." புது நம்பரும் அதே ஸ்டிக்கர்களில்தான் போய் ஒட்டும். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஆன்லைனில் புகார் பதிந்தோம். மாவட்ட சைபர் பிரிவுக்கும் நேரில் போனோம். அங்கே இருந்த பெண் காவலரும் முதலில் அதைத்தான் கேட்டார்: "பணம் எவ்ளோ போச்சும்மா?"

"எதுவும் போகலைங்க."

"நல்ல வேளை." எழுதிக்கொண்டே பொறுமையாகச் சொன்னார்: "போன்ல யாரு கேட்டாலும் நம்பர் சொல்லாதீங்க. பார்சலக் கண்ணால பாத்து, கைக்கு வந்தப்புறம் வாசல்லயே சொல்லுங்க. தெரியாத பார்சலா? எங்களுது இல்லன்னு சொல்லிட்டுக் கதவச் சாத்துங்க. ஒரு வார்த்தைதான?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து குடும்பக் குழுவில் ஒரு செய்தி எழுதினேன். இனி ஆர்டர் போட்டால் யார் பெயரில், என்ன பொருள் என்று எனக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாத பார்சலை வாங்க மாட்டேன். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மாட்டேன்னு வேணாம், முடியாதுன்னு போடு" என்றார். நான் 'வாங்குவது சிரமம்' என்று மாற்றினேன். பிறகு, சிரமம் என்றால் வாங்கிவிடுவாள் என்றுதான் படிப்பார்கள் என்று தோன்றியது. மறுபடி 'மாட்டேன்' என்று எழுதி, பார்க்காமல் அனுப்பினேன்.

கொழுந்தனார் உடனே கூப்பிட்டார். "சாரி அண்ணி, அந்த லைனப் பாத்துதான் பயந்தீங்களா? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? மாத்திட்டேன், பாருங்க." படம் அனுப்பினார். 'பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்' என்று மாற்றியிருந்தார்.

"தம்பி, அப்ப திருடன் வருவான்."

"ஐயோ, ஆமால்ல!" சிரித்தார். நானும் பல நாளுக்குப் பிறகு சிரித்தேன். அந்த வரியையே எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார். இவ்வளவுதானா என்று இருந்தது.

மாமியார் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "சரிம்மா. உன் இஷ்டம்." அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். 'சரிம்மா'வில் கோபம் இல்லை. 'உன் இஷ்ட'த்தில் இருந்ததா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள் டெலிவரிக்காரர் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். ஸ்டிக்கரில் எனக்குத் தெரியாத பெயர். குழுவில் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மாமியாருக்கு அடித்தேன், நாத்தனாருக்கு அடித்தேன், கணவருக்கு அடித்தேன். மேலே சிக்னல் இல்லை. எந்தச் சித்தப்பாவின் சான்றிதழ்ப் பெயரோ இது?

"உங்களுதா இல்லியாக்கா? மழ புடிச்சுக்கும்போல."

கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "எங்களுது இல்லீங்க."

"நெஜமாவா?"

"இல்லீங்க."

அவர் பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அன்று முழுவதும் போன் பக்கத்திலேயே இருந்தேன். மலையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அந்தக் குரலும் கூப்பிடவில்லை. மறுநாள் சிக்னல் வந்ததும் கணவரிடம் சொல்லி, எல்லோரிடமும் விசாரிக்கச் சொன்னேன். யாரும் ஆர்டர் போடவில்லையாம். "அம்மாவக் கேட்டீங்களா?" என்றேன். "கேட்டேன். எங்களுது இல்லன்னு சொல்லுச்சு" என்றார்.

மாமியார் சாதாரணமாகச் சொன்னாரா, என் பட்டப்பெயரை நினைத்துச் சொன்னாரா? அவரிடம் அதைக் கேட்க முடியாது. அந்தப் பெட்டி போனில் பேசியவனுடைய வேலையா, மலையில் யாரோ ஒருவர் ஆர்டர் போட்டதைச் சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்ட வருத்தமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த விசேஷத்துக்குப் போகும்போது தெரியலாம்.

அந்தச் சனிக்கிழமை வழக்கத்தைவிடச் சீக்கிரமே பைக் சத்தம் கேட்டது. மகள் எனக்கு முன்னால் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இப்போதுதான் வார்த்தைகளைச் சேர்த்துப் பேச ஆரம்பித்திருக்கிறாள். வெளியே யாரோ நண்பரின் பைக்கிலிருந்து இறங்கி, தோளில் பலாப்பழப் பையோடு நின்ற தன் அப்பாவைப் பார்த்து, என் குரலிலேயே, "எங்குது இல்ல" என்றாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடிப்பாவி! கதவத் தொறக்கச் சொல்லுடி உங்கம்மாவ."

நான் பூட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கே வைத்தேன் என்று நினைவுக்கு வரவில்லை.